இடது கன்னத்தில் உடைந்த ஜீன்

நான் புகையிலை போட்டவள். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எங்காவது படித்துவிட்டு, "ஓகோ, அப்படியா சேதி" என்று யாரும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். வெற்றிலை, பாக்கு, விரல் நுனியில் சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. மென்று முடித்ததும் இடது கன்னத்தில் அதக்கிக்கொள்வேன். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி நடத்துகிற பெண் வேறு எதை அதக்கிக்கொள்வாள், கற்கண்டையா?

மண்டி என் வீட்டுக்காரருடையது. மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோதே அவர் மாரடைப்பில் போய்விட்டார். மண்டியை யாருக்காவது கைமாற்றிவிட்டு வீட்டோடு இரு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் புத்தி சொன்னார்கள். நான் கல்லாவில் போய் உட்கார்ந்தேன். விடிவதற்கு முன்பே லாரி வந்துவிடும். மூட்டை இறக்கி, சரக்கைக் கொட்டிப் பார்த்து, ஏலம் முடித்து, வாங்க வந்தவர்களை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் வெயில் ஏறியிருக்கும். அதுவரை பசியையும் தூக்கத்தையும் அழுகிய வெங்காயத்தின் நாற்றத்தையும் அந்தப் புகையிலைதான் தாங்க வைத்தது. மூட்டை தூக்குகிறவர்கள் போட்டார்கள். வெங்காயம் பொறுக்குகிற பெண்கள் போட்டார்கள். நானும் போட்டேன். ஆண் போட்டால் பழக்கம், பெண் போட்டால் கேவலம் என்று ஊரில் ஒரு சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தை நான் ஒருநாளும் மதித்ததில்லை.

மகளுக்கு ஸ்ரீரங்கத்தில் வரன் கூடி வந்த வருஷம் அது. அவள் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். பையன் என்ஜினியர். மேலூர் ரோட்டில் சொந்த வீடு. அப்பா அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், அம்மா வீட்டோடு இருப்பவர். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு இரண்டும் போனில் பேச ஆரம்பித்துவிட்டன. அடுப்பில் சாம்பார் தீய்ந்த வாசனை வந்தால் மகள் மொட்டை மாடியில் போனும் கையுமாக இருக்கிறாள் என்று அர்த்தம். அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது, எனக்கு அதுவே போதும். அடுத்த மாதம் பாலக்கரையில் எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்தோம். இரண்டு வீட்டாரும் வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொண்டால்தான் பேச்சு உறுதி. அதற்கு முன் எந்தச் சின்ன விஷயத்திலும் அது கலைந்து போகலாம்.

என் கன்னத்தின் உள்பக்கம் நெடுநாளாகவே வெள்ளையாக ஒரு தடிப்பு இருந்தது. வலிக்கவில்லை, ஆகவே அதை நான் சட்டை செய்யவில்லை. பிறகு அதன் நடுவில் சிவந்தது. புண்ணானது. ரசம் பட்டால் சுரீர் என்றது. கடைவாய்ப்பல் உரசுகிறது என்று நானே முடிவு கட்டி, நானே வைத்தியமும் பார்த்துக்கொண்டேன். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், தேன் எல்லாம் ஆயிற்று. வாய்ப்புண் என்றால் எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் மணத்தக்காளிதான் சொல்வார்கள். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. காதுப் பக்கம் வலி இழுக்கத் தொடங்கியதும் தென்னூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே இருந்த பெண் டாக்டருக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். கையுறை போட்ட விரலால் கன்னத்தைத் தடவினார். கழுத்தை அழுத்திப் பார்த்தார். புண்ணில் சின்னதாகச் சதை கிள்ளி சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் மென்று முழுங்காமல் நேராகச் சொன்னார்.

"கேன்சர்தாம்மா. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். ஆனா தள்ளிப் போடக் கூடாது."

கூட வந்திருந்த என் தம்பிக்கு முகம் செத்துவிட்டது. அவனுக்கு அரியமங்கலத்தில் வெல்டிங் பட்டறை. நல்லவன். என் வீட்டுக்காரர் போன பிறகு எங்கள் வீட்டில் ஓர் ஆண் குரல் வேண்டிய இடத்தில் எல்லாம் அவன்தான் வந்து நின்றான். வரனைக் கொண்டுவந்ததும் அவன்தான், பெண்ணுக்குத் தாய்மாமன் ஆயிற்றே. ஆனால் மூச்சு விடுவதற்கு முன்னால்கூட ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கிற பிறவி.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்தான். "நிச்சயம் முடியட்டும்க்கா. ஒரு மாசம்தானே. தட்டை மாத்திட்டா அப்புறம் அவங்க பின்வாங்க முடியாது. அதுக்கப்புறம் ஆபரேஷன வச்சுக்கலாம்."

"கன்னத்துல இருக்குறது பஞ்சாங்கம் பாத்தா வளருது?"

"முகத்துல கட்டோட நீ சபையில நின்னா என்னக்கா நெனைப்பாங்க?"

"என்னமும் நெனைச்சிக்கட்டும். நான் உசிரோட நிக்கணும்டா மொதல்ல."

அன்று சாயங்காலம் மகளிடம் நானே சொன்னேன். அவள் அழுதாள். பிறகு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நிச்சயம் எங்கயும் ஓடிப் போகாதும்மா, நீ அட்மிட் ஆகு" என்றாள். அக்காவுக்குச் சின்னதாக ஓர் ஆபரேஷன், நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று தம்பி ஸ்ரீரங்கத்துக்குப் போன் செய்தான். சின்னதாம்! இடது கன்னத்தின் உள்பக்கத்தை எடுத்தார்கள். கீழ்த்தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். கழுத்தைத் திறந்து அங்கிருந்த நெறிக்கட்டிகளை எடுத்தார்கள். பள்ளமான இடத்தில் என் நெஞ்சுத் தசையையே கொண்டுவந்து வைத்துத் தைத்தார்கள். இன்றைக்கும் என் வாய்க்குள் இருப்பது என் நெஞ்சின் தோல்தான். இதை நான் யாரிடமாவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆப்பிள் வாங்கி வந்தார்கள். வாய் முழுக்கத் தையல் போட்டவளுக்கு ஆப்பிள். கட்டில் ஓரமாக நின்று, "அந்த வியாதியாம்" என்று ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். பேரைச் சொன்னால் அவர்கள் வீட்டுக்கும் வந்துவிடும் என்பது போல ஒரு பயம். அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை. செல்போனில் பெரிய எழுத்தாக "கேன்சர்" என்று அடித்து, வருகிறவர்கள் முகத்துக்கு நேராகக் காட்டினேன். ஒரு சித்தி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது.

எடுத்த கட்டியைச் சோதித்த முழு ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் என்னையும் தம்பியையும் அறைக்குக் கூப்பிட்டார். கழுத்தில் ஒரு நெறிக்கட்டி வரைக்கும் அது போயிருந்தது, ஆகவே ரேடியேஷன் என்கிற கதிர் வைத்தியமும் வேண்டும் என்றார். ரிப்போர்ட்டில் பி-53 என்று ஒரு வரி இருந்தது. அது என்ன என்று எழுதிக் கேட்டேன்.

"அது ஒரு ஜீன்மா. உங்க கட்டியில அது கெட்டுப் போயிருக்கு" என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்துத் தம்பியின் போன் அடித்தது. பட்டறையில் ஏதோ அவசரம். எழுந்து வெளியே போனான். அவன் கேட்டது அந்த ஒரு வரிதான். மீதி எல்லாவற்றையும் கேட்டவள் நான். பின்னால் நடந்த அத்தனை கூத்தும் இதிலிருந்து கிளம்பியதுதான்.

"தமிழ்ல சொல்லுங்க டாக்டர். வெங்காயம் விக்கிறவளுக்குப் புரியற மாதிரி" என்று எழுதிக் காட்டினேன்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சில ஜீனுங்க காவல் வேலை பாக்குதும்மா. ஒரு செல் ரெண்டாப் பிரியறதுக்கு முன்னால உள்ள ஏதாவது பழுது இருக்கான்னு அதுங்க பாக்கும். சின்னப் பழுதுன்னா நிறுத்தி வச்சு சரி பண்ணும். சரி பண்ணவே முடியாதுன்னா அந்தச் செல்லையே செத்துப் போகச் சொல்லிடும்."

எனக்கு எங்கள் மண்டியில் பொறுக்குகிற பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். மூட்டையைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து, அழுகியதை எடுத்து எறிவார்கள். ஒருநாள் அவர்கள் வராவிட்டால் ஒரே ஒரு அழுகல் மறுநாளைக்குள் மூட்டையை நனைத்துவிடும். அதை எழுதிக் காட்டினேன்.

"அதேதாம்மா!" டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஒவ்வொரு மூட்டைக்கும் ரெண்டு ஆளுன்னு வச்சுக்குங்க. அப்பா குடுத்த ஜீன் ஒண்ணு, அம்மா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு கொஞ்ச காலம் சமாளிக்கும். சில நேரம் கெட்டதே நல்லதையும் வேலை செய்ய விடாது. புகையிலையும் பாக்கும் வருஷக்கணக்கா ஒரே எடத்துல பட்டுப் பட்டு ரெண்டையும் உடைச்சிருச்சுன்னா, அப்புறம் அந்தச் செல்லைக் கேக்க ஆளில்ல. அது பாட்டுக்குப் பெருகும். பக்கத்துச் செல்லோட ஒட்டி இருக்க வைக்கிற ஜீனும் இருக்கு. அதுவும் அணைஞ்சு போச்சுன்னா செல் கழண்டுக்கும். அப்படிக் கழண்டுதான் உங்க கழுத்துக்கு வந்தது."

நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் எழுதி நீட்டினேன். என் பொண்ணுக்கு வருமா?

"வராது" என்றார் டாக்டர் உடனே. பிறகு, தான் சொன்னதைத் தானே திருத்திக்கொண்டார். "உங்ககிட்டேர்ந்து இந்தக் கெட்ட ஜீன் அவங்களுக்குப் போகாது. நீங்க பொறக்கும்போது அது நல்லாதான் இருந்துது. உடைஞ்சது உங்க கன்னத்துல, அந்தக் கட்டிக்குள்ள மட்டும். அதை நான் வெட்டி எடுத்தாச்சு. கெட்ட ஜீனோடயே பொறக்கற குடும்பங்களும் உண்டு. ஆனா ரொம்ப அபூர்வம். அங்கல்லாம் சின்ன வயசுலயே, பல பேருக்கு, உடம்புல பல எடத்துல வரும். உங்க வீட்டுல அப்படி யாருமே இல்லையே. நீங்க எந்தப் பக்கம் அதக்குவீங்க?"

இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். "கட்டி எங்க வந்துது?" என்று கேட்டார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பாவி, எந்த இடத்தில் அதை வைத்து வளர்த்தேனோ அதே இடத்தைத்தான் தின்றிருக்கிறது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் மேல் இல்லை. பெட்டிக் கடை தோறும் அதைச் சரம் சரமாகத் தொங்கவிட்டுவிட்டு, பாக்கெட்டின் மேல் ஓர் அழுகின வாயின் படத்தையும் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று இருக்கிறார்களே, அவர்கள் மேல்.

கதிர் வைத்தியம் முடிகிற வரைக்கும் மகள்தான் எனக்குத் தாய். சாதத்தையும் பருப்பையும் மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஸ்பூனில் ஊட்டினாள். பேச்சு திரும்பி வந்தது, ஆனால் பழைய பேச்சு இல்லை. சில எழுத்துகள் வழுக்கும். தண்ணீர் குடித்தால் ஓரமாக வழியும், தோளில் துண்டு வேண்டும். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. இருந்தாலும் மண்டிக்குப் போனேன். முதல் நாள் ஏலத்தில் ஒரு வியாபாரி என் பேச்சைக் கேட்டுச் சிரித்தான். அவன் கேட்ட சரக்கை அவன் கண் முன்னாலேயே அடுத்த ஆளுக்கு முடித்துக் கொடுத்தேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்துதான் சத்தத்தையே காணோம். முன்னெல்லாம் இரண்டு நாளைக்கு ஒருமுறை பேசுகிற மாப்பிள்ளையின் அப்பா போனையே எடுப்பதில்லை. மகள் மாடிக்குப் போவது நின்றுவிட்டது. சாம்பார் தீய்வதும் நின்றுவிட்டது. கேட்டதற்கு, "அவங்க அப்பா யோசிக்கிறாராம்மா" என்றாள். என்ன யோசனை என்றேன். சொல்ல மாட்டேன் என்று அடம் பிடித்தாள். பிறகு, "என் ரத்தத்துல ஏதோ இருக்காம். நாளைக்குப் பொறக்கற குழந்தைக்கும் வருமாம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தம்பியை வரச் சொன்னேன். வந்தான். சமையலறை வாசலில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தான். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. எனக்குக் கதிர் வைத்தியம் நடந்தபோது இவன் ஸ்ரீரங்கத்துக்குப் போயிருக்கிறான். விஷயம் அதற்குள் அவர்கள் காதுக்கு எட்டியிருக்கிறது. வாயில் கேன்சர் என்றால் புகையிலைப் பழக்கம் உண்டோ என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டிருக்கிறார்.

"பொகையிலைன்னா கேவலமா நெனைப்பாங்கன்னுதாங்க்கா... அக்காவுக்கு ஒரு பழக்கமும் கிடையாது சார், இது ஜீன்ல வந்த கோளாறுன்னு சொல்லிட்டேன். டாக்டரே சொன்னாங்களே. இங்கிலீஷ்ல இருக்கே, மரியாதையா இருக்கும்னு நெனைச்சேன்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. என் வாயில் இருந்த புகையிலையை மறைக்கப் போய் என் மகள் ரத்தத்தில் விஷத்தை ஏற்றிவிட்டு வந்திருக்கிறான். கையில் இருந்த கரண்டியை விட்டெறிந்தேன். குறி தப்பிவிட்டது, இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

"கெளம்புடா" என்றேன்.

"எங்கக்கா?"

"ஸ்ரீரங்கத்துக்கு."

மகள் வாசல் வரை வந்தாள். "அவங்ககிட்ட போயி கெஞ்சாதம்மா. எனக்கு வேண்டாம்."

"கெஞ்சப் போகலடி. உனக்கு இல்லாத ஒண்ண உன் மேல எழுதி வச்சிருக்காங்க. அழிச்சிட்டு வரேன். அதுக்கப்புறம் வேணும் வேணாம்னு நீ சொல்லு."

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் பாலம் ஏறும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்றார். கேன்சர் என்றேன். "ஐயோ, பாவமே" என்றார். "பாவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, கொஞ்சம் நகந்து ஒக்காருங்க" என்றேன். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக் காவிரியைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மேலூர் ரோட்டு வீட்டில் எங்களை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மரியாதைக்குக் குறைவில்லை. "வாங்க, வாங்க, உடம்பு எப்படி இருக்கு?" என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வரவேற்றார். பார்வை மட்டும் என் கன்னத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போனது. பையன் வேலைக்குப் போயிருந்தான். மாப்பிள்ளையின் அம்மா காப்பி கொண்டு வந்தார். என் காப்பியை மட்டும் நான் கேட்காமலே நன்றாக ஆற்றிக் கொடுத்துவிட்டுக் காலித் தட்டோடு சமையலறைக் கதவோரம் போய் நின்றார். நான் எப்படிக் குடிக்கிறேன் என்று உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும்தான் பார்க்கிறார்கள், இவரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தம்பி தொண்டையைக் கனைத்தான். "அக்காவுக்குப் பேசறது கொஞ்சம் செரமம் சார், நானே..."

நான் கையைக் காட்டி அவனை நிறுத்தினேன். "சார், என் பேச்சு கொஞ்சம் கொழகொழன்னு இருக்கும். புரியலைன்னா கேளுங்க, மறுபடி சொல்றேன். என் தம்பி உங்ககிட்ட பொய் சொல்லிட்டான். எனக்கு வந்தது பரம்பரை வியாதி இல்ல. நான் பொகையிலை போட்டேன், அதனால வந்துது."

அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆனா ரிப்போர்ட்ல ஜீன்னு இருக்கறதா சொன்னாரே" என்றார்.

"இருக்கு. அது பொய் இல்ல." டாக்டர் சொன்ன அத்தனையையும் சொன்னேன். மண்டியில் பொறுக்குகிற பெண்களைச் சொன்னேன். கெட்டது கன்னத்துக்குள் மட்டும் என்பதையும், அதை வெட்டி எடுத்தாகிவிட்டது என்பதையும் சொன்னேன். நடுவில் தண்ணீர் குடித்து, துண்டால் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மண்டியில் ஒவ்வொரு மூட்டைக்கும் தொண்டை கிழியக் கத்தியவள் நான். இத்தனை பாடுபட்டு எந்தச் சரக்கையும் விற்றதில்லை.

"நானும் நெட்ல படிச்சேன்மா" என்றார் அவர். குரலில் கெடுதல் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "ஜீன்னா பரம்பரைன்னுதான் போட்டிருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணுக்கு ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துட்டா ரெண்டு பக்கமும் நிம்மதி."

"மணப்பாறை சந்தையில மாடு பிடிக்கிற மாதிரி பல்லைப் பிடிச்சுப் பாப்பீங்களா சார்? டாக்டர் வேணும்னா எடுக்கச் சொல்லட்டும், எடுக்கறோம். நீங்க சொல்லி எடுக்க மாட்டோம். ஒரு பேச்சுக்கு அவளுக்கு அப்படி ஒரு ஜீன் இருக்குன்னே வைங்க. அப்படிப் பொறந்தவங்க என்ன தப்பு பண்ணாங்க? அவங்களுக்கெல்லாம் கல்யாணம் கூடாதா?"

அவர் முகம் இறுகியது. பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "அது இருக்கட்டும். நீங்க... பொகையிலை போடுவீங்களா? நல்ல குடும்பத்துப் பொம்பளைங்க போடுவாங்களா? எங்க வீட்டுல அந்த நாத்தமே ஆகாது. இந்த வாசப்படிக்குள்ள அது வந்ததே கிடையாது."

தம்பி என் முழங்கையைத் தொட்டான். பார்த்தாயா, இதற்குத்தானே பயந்தேன் என்று அதற்கு அர்த்தம். அவன் பயம் தப்பில்லைதான். ஆனால் இந்தப் பேச்சைக் கேட்கத்தான் நான் பஸ் ஏறி வந்ததே.

"போட்டேன் சார். அதைப் போட்டுக்கிட்டுதான் மண்டிய நடத்தினேன், அதைப் போட்டுக்கிட்டுதான் அவளைப் படிக்க வச்சேன். அது விஷம்னு இப்போ தெரியும், விட்டாச்சு. அதுக்கான கூலியையும் தாடையோட குடுத்தாச்சு. நீங்க என்னைப் பத்தி என்ன வேணா சொல்லிக்குங்க. பொகையிலைக்காரின்னு சொல்லுங்க, ஊர் பூரா சொல்லுங்க. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனா என் வாயில கெட்டதைக் கொண்டுபோய் என் பொண்ணு ரத்தத்துல வைக்காதீங்க. அதுக்கு நான் விட மாட்டேன்."

 அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"ஆரம்பத்துல வலிக்குமாங்க?"

அந்த அம்மாள் அன்று வாயைத் திறந்து பேசிய முதல் வார்த்தை அது. ஏதோ மரியாதைக்கு விசாரிக்கிறார் என்று நினைத்தேன்.

"வலிக்காதுங்க. வலிச்சிருந்தா அன்னைக்கே ஓடியிருப்பேன். சும்மா வெள்ளையா ஒரு தடிப்புதான். நாக்கால தடவினா சொரசொரன்னு இருக்கும்."

அவர் கையில் இருந்த தட்டை மேஜையில் வைத்தார். என் அருகே, ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்தார். உதட்டோரத்தில் விரலைவிட்டு வலது கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"இந்த மாதிரியா?"

"என்ன பண்ற நீ?" என்று கணவர் பாதி எழுந்தார்.

அந்த அம்மாள் விரலை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "நானும் போடறேங்க. நம்ம பையன் பொறந்ததுலேர்ந்து. அப்போ நீங்க ஆபீஸ் கெளம்பினதும், இப்போ நீங்க வாக்கிங் கெளம்பினதும் கொல்லைப்பக்கம் போயி போடுவேன். நீங்க வர்றதுக்குள்ள வாயைக் கொப்புளிச்சிட்டு ஏலக்காய் மென்னுடுவேன். ஒருநாளாவது உங்களுக்குத் தெரிஞ்சுதா? டெஸ்ட் எடுக்கணும்னா மொதல்ல எனக்கு எடுங்க. பரம்பரைன்னா அப்போ நம்ம பையனுக்கும்தானே?"

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கெட்டிக்காரத்தனமாக ஏதாவது சொல்ல எனக்கு நல்ல சந்தர்ப்பம். சந்தோஷம்கூட வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. "இன்னொரு தடவை திறங்க" என்று செல்போன் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளை. கீழ் ஓரத்தில் லேசாகச் சிவப்பு. எனக்கு அந்தச் சிவப்பை நன்றாகத் தெரியும். அதோடு பல மாதம் குடித்தனம் நடத்தியவள் நான். அங்கே இரண்டு காவலில் ஒன்று போயிருக்கலாம், இன்னொன்று இன்னும் விடாமல் நின்றுகொண்டிருக்கலாம். இல்லை, இரண்டும் போயிருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது, தென்னூரில் இருக்கிற அந்தச் சின்னப் பெண் டாக்டருக்குத் தெரியும். நான் மணத்தக்காளி தின்று தொலைத்த மாதங்கள் இந்த அம்மாளுக்குக் கையில் இருக்கின்றன. ஒருநாளைக்கூட வீணாக்க விட மாட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். "இருங்க. நாம பேச வந்ததை மொதல்ல பேசி முடிப்போம்."

"அது முடிஞ்சாச்சு சார்" என்று எழுந்தேன். "சம்பந்தியம்மா, செருப்பைப் போடுங்க. ஆஸ்பத்திரி மூடறதுக்குள்ள போயிடலாம்."

அந்த அம்மாள் கணவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் வாசற்படி இறங்கினார்.